பேறுகாலம் முழுக்க உடன் ஒரு மருத்துவச்சி



அண்ணல் அம்பேத்கரின் நினைவைப் போற்ற வைகை அணையில் கூடியிருக்கிறோம். ரமாபாயும் அவரும் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் சிறுவயதிலேயே இறந்துபோனார்கள். கடைசியாக ராஜரத்னா இறந்தது 1926இல். இரண்டே ஆண்டில், 1928இல், பம்பாய் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்கான பேறுகாலச் சலுகை மசோதாவை ஆதரித்து அவர் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதிட்டார். மறு ஆண்டு அது சட்டமானது. பேறுகாலம் வீட்டுக்குள் முடிந்துவிடும் பெண்கள் விவகாரம் என்று இருந்ததை அரசின் பொறுப்பாக்கிய பேச்சு அது. அந்த இடத்திலிருந்தே நாம் தொடங்குகிறோம்.

நம் தெருக்களில் மருத்துவச்சிப் பாட்டிகள் இருந்தார்கள். வருசநாட்டு மலைக்கு மறுபுறம், வத்திராயிருப்புப் பக்கத்தில் பிறந்த எழுத்தாளர் பாமா, தம் ‘சங்கதி’யில் அப்படி ஒரு பாட்டியைக் காட்டுகிறார். ஊரில் பிள்ளைப்பேறு பார்க்கிறவர் அவர். ஆனால் மேல்சாதி வீடுகள் மட்டும் சாதியைச் சொல்லி அவரைக் கூப்பிடுவதில்லை. வேறு பல ஊர்களில் கதை நேர்மாறு. தொப்புள்கொடி அறுப்பதும் ரத்தத் துணி அலசுவதும் தீட்டு என்பதால், அந்த வேலை தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் தலையில் விழுந்தது. கூப்பிட்டாலும் சாதி, கூப்பிடாவிட்டாலும் சாதி.

ஆகவே பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ரத்தப்போக்கிலும் ஜன்னியிலும் தாய்மார்கள் செத்த காலம் அது. இன்று தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. 2018–20 கணக்கில், ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்திய அளவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். கிராம சுகாதார செவிலியர்களும் 24 மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்களும் சேர்ந்து ஈட்டிய வெற்றி இது.

ஆனால் பாட்டியிடம் இருந்த ஒன்று இதில் தவறிப்போயிற்று. வயிற்றைத் தொட்டுப் பார்த்தவரே பிள்ளையை ஏந்தினார். அவரே மறுவாரமும் வந்து பால் குடிக்கிறதா என்று பார்த்தார்.

இன்று கம்பத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு சேரிப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறாள். செவிலியர் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவள் மலையில் இருக்கிறாள். தோட்டப் பெண்களுக்கும் பேறுகாலச் சலுகை சட்டத்தில் உண்டு. ஆனால் 80 நாள் வேலை பார்த்ததற்குத் தினக்கூலிப் பெண் எந்தச் சீட்டைக் காட்டுவாள்? வளைகாப்பு முடிந்ததும் கடமலைக்குண்டில் தாய்வீடு; அங்கே வேறு செவிலியர். வலி வந்தால் 108, ஆரம்ப சுகாதார நிலையம், சிக்கலென்றால் கானாவிலக்கு மருத்துவக் கல்லூரி. பிரசவ அறையில் ஷிஃப்டுக்கு ஒரு முகம்.

அத்தனை இடத்துக்கும் அவளோடு போவது பிக்மி எண் ஒன்றுதான். அதில் எடையும் ரத்த அழுத்தமும் இருக்கும். நான்கு நாளாகத் தலைவலி என்று சொல்ல அவள் கூச்சப்பட்டது இருக்காது. அந்தத் தலைவலி ஜன்னிக்கு முன்னறிகுறியாக இருக்கலாம். போன மாதம் பார்த்தவரே இந்த மாதமும் பார்த்தால், முகம் உப்பியிருப்பது கண்ணில் படும். குழந்தைக்கு ஆபத்து மிகுந்த முதல் வாரத்துக்கும் இதே கணக்குதான்.

எங்களில் ஒருவரின் தங்கையிடம் பிரசவ அறையில், “எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். சொன்ன பிறகு குரல் மாறியது. அதன்பின் அவள் வலியைக்கூடச் சொல்லவில்லை. தெரிந்த முகம் ஒன்று உடனிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இது வெறும் ஏக்கமில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 18,533 பெண்கள் பங்கேற்ற 17 ஆய்வுகளை 2024இல் அலசியது. ஆரம்பம் முதல் மருத்துவச்சியின் தொடர் கவனிப்பைப் பெற்ற பெண்களுக்கு இயல்பான பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு. அவை வசதியான நாடுகளில் மிகுதியாக நடந்தவைதான். ஆனாலும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியனாகிவிட்ட தமிழ்நாடு யோசிக்க வேண்டிய சேதி இது.

செவிலியர்களுக்கு 18 மாதப் பயிற்சி தந்து மருத்துவச்சிகளாக்கும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018இலேயே வெளியிட்டது. நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் அப்படிப் பயின்ற மருத்துவச்சிகள். பதிவு முதல் பிள்ளை பிறந்து ஆறு வாரம் வரை ஒருவரே பொறுப்பு, தாய்வீடு போனால் அங்குள்ளவரிடம் நேரில் பேசி ஒப்படைக்கும் கடமை. ஜீப் திரும்பும் மாலை நேரத்தில் பரிசோதனை.

நான்காவதாக ஒன்று நமக்கே. பாட்டிகளின் கைக்குத் தீட்டையும் ஒரு படி நெல்லையும் கூலியாகக் கொடுத்த சமூகம் இது. அந்தக் கைகளின் பேத்திகள், மாணவிகளே, பட்டத்தோடும் அரசுச் சம்பளத்தோடும் அதே வேலைக்கு வர வேண்டும். எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். எந்தத் தெரு என்று யாரும் யாரையும் கேட்காத பிரசவ அறை அப்போதுதான் அமையும்.