கண்ணாடித் தொட்டியில் கும்பிடு இறால்



வீட்டின் முன்னறையில் வண்ண மீன் தொட்டி வைத்திருப்போர் நம்மிடையே பலர். தங்கமீனும் கப்பியும் வளர்த்துக் கைதேர்ந்த பின்னர், 'அடுத்து என்ன?' என்னும் ஆவல் சிலருக்கு எழுகிறது. அத்தகையோரைக் கவர்ந்திழுக்கும் ஒரு கடலுயிரை ஆங்கிலத்தில் 'மாண்டிஸ் ஷ்ரிம்ப்' என்பர். கும்பிடுபூச்சியைப் போல முன்னுறுப்புகளை மடித்து வைத்திருப்பதால் அதற்கு அப்பெயர். நாம் இங்கே கும்பிடு இறால் என்றே அழைத்துக் கொள்வோம். பெயரில்தான் இறால், உண்மையில் அது ஓட்டுடலிகளில் தனியொரு வரிசையைச் சேர்ந்தது.

நம் கரையோர இழுவை வலைகளிலும் இவ்வரிசையைச் சேர்ந்தவை மீன்களோடு வந்து விழுவதுண்டு. ஆயின் வளர்ப்போர் பெரிதும் விரும்புவது, இந்தோனேசியா உள்ளிட்ட இந்திய-பசிபிக் கடல்களின் பவளத்திட்டுகளை ஒட்டி வாழும் மயில் கும்பிடு இறாலை. பச்சை, நீலம், செம்மஞ்சள் எனப் பல வண்ணங்கள் மின்னும் அது, 18 சென்டிமீட்டர் வரை வளரக் கூடியது.

அதன் அழகைவிட அதன் குத்துதான் உலகப் புகழ் பெற்றது. முன்னுறுப்பின் முனையிலுள்ள குண்டாந்தடி போன்ற பகுதியால் நத்தையின் ஓட்டை அது அடித்து நொறுக்குகிறது. அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அளவீட்டின்படி, அந்த வீச்சின் வேகம் வினாடிக்கு 23 மீட்டர் வரை செல்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேல்! வீச்சின் விசையால் நீரில் தோன்றும் குமிழிகள் உடைந்து, இரையின்மீது இரண்டாவது அடியாகவும் விழுகின்றன. 1998இல் இங்கிலாந்தில் 'டைசன்' எனப் பெயரிடப்பட்ட ஒரு மயில் கும்பிடு இறால், கால் அங்குலத் தடிமனுள்ள கண்ணாடியையே உடைத்துவிட்டது. இத்தகைய நிகழ்ச்சி அரிதுதான். எனினும் தடித்த கண்ணாடி அல்லது அக்ரிலிக் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம். தொட்டிக்குள் வெறுங்கையை விடவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் மூடியும் அவசியம்.

தொட்டி உடைவதைக் காட்டிலும், அவசரப்பட்டு உயிரை வாங்கி வந்து தொட்டியில் விட்டுவிடுவதே பெரிய ஆபத்து. காலையில் தொட்டி, மாலையில் இறால் என்று வாங்குவோர் அதனை நெடுநாள் காண்பதில்லை. நீர் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஏன்? உயிரினத்தின் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது, அது நஞ்சு. அதனை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் தீங்கானதே. வேறொரு வகை பாக்டீரியா அதனை நைட்ரேட்டாக்கும். குறைந்த அளவிலுள்ள நைட்ரேட்டைப் பொறுத்துக் கொள்ளலாம். நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றினால் அது குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் மணலிலும் கற்களிலும் பெருகி நிலைபெறத்தான் அத்தனை வாரங்கள். வெறுந்தொட்டியில் ஒரு துண்டு இறால் சதையை அழுகவிட்டு இப்பணியைத் தொடங்கலாம். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் எனத் தெரியும் வரை காத்திருங்கள். (கலைப் பட்டதாரிக்கு இந்த ரசாயனம் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள்; இதை அறியாமல் இந்தத் தொட்டியை வைக்கவே இயலாது.)

சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கால்சியம், மக்னீசியம் முதலானவை அடங்கிய, மீன் தொட்டிக்கென்றே விற்கப்படும் கடலுப்புக் கலவை வேண்டும். கால்சியம் இன்றி ஓடு உருவாகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. ஆகவே 100 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தேவை. வளர்ந்த மயில் இனத்திற்கு அதைவிடச் சிறிய தொட்டி போதாது. குளோரின் கலந்த குழாய்நீரை நேரே ஊற்றாமல், ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துங்கள். செம்புக் குடத்திலோ பித்தளை அண்டாவிலோ பிடித்த நீர் மட்டும் வேண்டவே வேண்டாம்! ஓட்டுடலிகளுக்குச் செம்பு கொடிய நஞ்சு. மீன்களுக்கென விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு கலந்திருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

வெப்பம் 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருக்கட்டும். நம் கோடையில் இதுவே பெரும் சோதனை. நீரின் மேற்பரப்பில் காற்று படும்படி சிறு மின்விசிறி வைத்தால் ஓரளவு குளிரும். போதாவிடில் குளிர்விக்கும் கருவிதான் வழி. அதன் விலை தொட்டியின் விலையையும் மிஞ்சலாம். அச்செலவுக்கு இடமில்லையெனில் இந்த ஆசையைத் தள்ளி வைப்பதே நல்லது. விசிறிக் காற்றில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது; எனவே குறைந்த அளவை உப்பில்லா நன்னீரால் நிரப்ப வேண்டும்.

அடுத்து, ஒளிந்துகொள்ள ஒரு வளை. இறாலைவிட நீளமான பி.வி.சி. குழாயை வளைவாகப் பொருத்தி மணலில் புதைத்துவிட்டால் போதும். சுற்றிலும் சிறு கற்களையும் உடைந்த சிப்பிகளையும் போட்டு வையுங்கள். வாயிலை அது தானே அமைத்துக் கொள்ளும். அழகுக்காகப் பவளம் தேடி மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடாதீர்கள். பாறை அமைக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன, எடுப்பது குற்றம். விளக்கும் மங்கலாகவே இருக்கட்டும். மிகுந்த வெளிச்சத்தில் மயில் இனத்திற்கு ஓட்டில் அரிப்பு நோய் காண்பதாக, அனுபவமுள்ளோர் எச்சரிக்கின்றனர்.

துணைக்கு மீன் விடலாமா என்று கேட்பீர்கள். அது துணையன்று, உணவு! தனியே வளர வேண்டிய உயிர் அது. நத்தை, சிறு நண்டு, சிப்பி ஆகியவற்றை ஓட்டோடு கொடுங்கள். மஃரிபுக்குப் பின் வீடு அமைதியுற்ற வேளையில், ஓட்டை உடைக்கும் 'டக்' என்ற ஓசை அடுத்த அறை வரை கேட்கும். தனித்தனியே சுழலும் இரு கண்களும் வளை வாயிலிலிருந்து உங்களையே நோக்கியிருக்கும். நிறமறியும் உணர்செல்கள் நம் கண்ணில் மூன்று வகை. அதன் கண்ணிலோ பன்னிரண்டு!

ஒரு நாள் அது திடீரென உண்பதை நிறுத்தி, வளையின் வாயிலைக் கற்களால் அடைத்துக் கொள்ளும். நோய் என்றோ இறந்துவிட்டது என்றோ எண்ணிக் குழாயைத் தோண்டி எடுத்துவிடாதீர்கள். பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓட்டை வளர்க்கும் காலம் அது. உடல் மெத்தென்றிருக்கும் அந்நாட்களில் அதனால் அடிக்க இயலாது. அப்போதும் சில இனங்கள் வளையை விட்டுக் கொடுக்காமல் வாயிலில் நின்று முன்னுறுப்புகளை விரித்து, வலிமை உள்ளவை போலவே மிரட்டுவதை, 1983இல் ஸ்டெகர், கால்டுவெல் எனும் ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கழற்றிய ஓடு செத்த இறாலைப் போலவே தரையில் கிடக்கும். அதைக் கண்டு பதறி விடாதீர்கள். வாயிலை அதுவே திறந்து வெளிவந்த பிறகும், முதல் சில நாட்களுக்கு ஓடில்லாத மெல்லிய சதையையே கொடுங்கள்.