வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

பதினான்கு சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது பின்னால் வருகிறவருக்கு றோட்டுத் தெரியாது. முன்னால் போகிறவரின் டயரும் முதுகும்தான் தெரியும். அதனால் எல்லாம் கைப்பாஷை. முன்னவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வலப்பக்கம் அசைத்தால், ஓரத்தில் ஏதோ கிடக்கிறது, விலகி வா என்று அர்த்தம். மட்டக்களப்பிலிருந்து அந்தக் கை எத்தனை தரம் மடிந்தது என்று எண்ணிக்கொண்டு வந்தவன், களுவாஞ்சிக்குடியில் கணக்கைக் கைவிட்டேன். மணல், மாடு, உடைந்த வடிகான் மூடி, நிறுத்திவைத்த ஓட்டோ, மறுபடியும் மணல்.

“சைக்கிள் சுற்றுலா இப்போது எடுபடுகிற விஷயம். ஒருநாள் அவர்களோடு ஓடிப்பார்த்து எழுதுங்கள்” என்றுதான் ஆசிரியர் சொன்னார். கடல், தென்னை, தயிர்ச் சட்டி என்று நானும் மனதுக்குள் ஒரு கட்டுரையை எழுதி முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். அன்று பகல் முழுக்க என் கண் றோட்டின் இடது விளிம்பை விட்டு எழும்பவேயில்லை.

பருத்தித்துறையில் தொடங்கித் தெய்வேந்திரமுனையில் முடிகிற பயணம் அது. எனக்குக் கிடைத்தது மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையான ஒருநாள் பங்கு, நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. பாதிப்பேர் கொழும்பு, மிச்சம் வெளிநாடு. எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை, ஹெல்மெட், பின்னால் சிக்னல் போட்டபடி ஒரு வேன். மட்காட்டும் கெரியரும் உள்ள சைக்கிள் என்னுடையது மட்டும்தான். சிரித்தார்கள். ஜூலைக் கடைசி, காலை ஐந்தரை மணி, 1638இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டைக்கு முன்னால் கூடினோம். (ஒல்லாந்தர் இந்தக் கட்டுரையில் இன்னொரு தடவை வருவார்கள்.) கல்லடிப் பாலத்தில் ஏறும்போது சூரியன் வந்தது. படம் எடுத்தார்கள்.

கூட்டமாக ஓடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னால் போகிறவர் காற்றை உடைத்துக்கொடுப்பார். ஒட்டிப் பின்னால் போகிறவருக்குச் செலவாகும் பலத்தில் கால்வாசிக்கு மேல் மிச்சம். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் ஒதுங்கிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னுக்குப் போவார். காற்றைவிடப் பெரிய லாபம் ஒன்று பெரியநீலாவணை தாண்டியபோது புரிந்தது. எங்கள் பின்னால் ஒரு பஸ் இரண்டு நிமிடம் ஹோன் அடிக்காமல், பொறுமையாக ஊர்ந்து வந்தது. பாதை வெளித்ததும் அகலமாக விலகிக் கடந்தது. டிரைவர் கையும் காட்டினார். அதே பஸ், நூறு யார் போவதற்குள், கெரியரில் ரெஜிபோம் பெட்டி கட்டிய ஒரு மீன்கார நானாவின் காதுக்குள் ஹோனை அழுத்தியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பழகிய மாடு போல மண்ணுக்குள் இறங்கி, பஸ் போனதும் ஏறிக்கொண்டார். பெட்டி ஆடியது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை. மருதமுனையில் வெள்ளைப் பர்தாவோடு இரண்டு இரண்டாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், மண்வெட்டியைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு வட்டைக்குப் போனவர்கள் எல்லாரும் அந்த வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே கண்ணாடி மாதிரிக் காபட் றோட்டு. வெளியே ஒன்றரை முழ மண்.

கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு: ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது வந்தவர்களுக்குத் தெரியவில்லை. எல்லை எங்கே என்று ஒருவர் கேட்டார். இந்தப் பக்கத்தில் கேட்கக்கூடாத கேள்வி அது என்று சொல்லிப் பிளேன்டீயைக் குடிக்கச் சொன்னேன். கடைக்காரர் எங்கள் தொடை தெரிகிற காற்சட்டைகளைப் பார்க்காத மாதிரிப் பார்த்துவிட்டு, “பொத்துவிலுக்கு பஸ் ஓடுதுதானே மனே?” என்றார். விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார்கள். சுனாமியில் பத்தாயிரம் பேருக்கு மேல் போன மாவட்டம் இது என்பதும் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நல்லாக ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நிந்தவூரில் ஒரு டயர் காற்றுப் போனது. வேனில் சாமான் எல்லாம் இருந்தும், பக்கத்தில் கடை இருக்கிறதே என்று இறங்கினோம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். டியூப்பை உருவித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் பிடித்தபடி, “என்ன மனே, நூல் மாதிரி இரிக்கி” என்றார். வால்வு மெல்லிசு, அவருடைய பம்பின் வாய் பிடிக்கவில்லை. ஒட்டுப் போட்டுத் தந்தார், காற்று நாங்கள் அடித்தோம்.

கடையின் பின்சுவரில் பத்துப் பன்னிரண்டு ரிம் தொங்கியது. எல்லாம் முட்டை வடிவம். “முந்தி பஞ்சருக்குத்தான் வருவாங்க. இப்ப வளைஞ்ச ரிம்தான் கூட” என்றார். “நான் சுபஹுக்குப் பள்ளிக்குப் போகக்குள்ள பின்னால லைட் வந்தா இறங்கி நின்டுடுவன். அது போன மறுகாதான் ஏறுற.” ஐம்பது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறவர், சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கிறார்.

அவர் கடைக்கு அப்பால் சிறுபோக நெல் காய்ந்தது. நீளத்துக்குப் படங்கு விரித்து, வாகனம் ஏறாமல் ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். மண் ஓரமும் போய்விட்டது. அந்த விவசாயியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. களம் இல்லாதவருக்குச் சூடேறிய தார்தான் களம். ஆனால் நெல்லுக்கும் சைக்கிளுக்கும் ஒரே ஓரத்தைக் கொடுத்து, மிச்சத்தையெல்லாம் வேகத்துக்கு எழுதிவைத்தது யார் என்று கேட்கலாம். பாதை அகன்றதால்தான் நோயாளியை நேரத்துக்கு ஆஸ்பத்திரி சேர்க்க முடிகிறது என்பார்கள். அதுவும் சரிதான்.

இப்போது ஒல்லாந்தர். சைக்கிளுக்குத் தனிப்பாதை என்றால் உலகம் இன்று நெதர்லாந்தைத்தான் காட்டுகிறது. அந்தப் பாதைகள் அவர்களுக்குச் சும்மா கிடைத்தவை அல்ல. 1971இல் மட்டும் அங்கே வீதி விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நானூறுக்கு மேல் பிள்ளைகள். ‘பிள்ளைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்று தாய்தகப்பன்மார் வீதிக்கு இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடக்கூடாது என்று அரசாங்கமே சொன்னது. வெறும் றோட்டில் சைக்கிள் ஓடிப்பார்த்த சனம் அந்த ருசியை மறக்கவில்லை.

நமக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்ததே! 2022 ஜூன் கடைசியில், அத்தியாவசியச் சேவை தவிர மற்றவர்களுக்குப் பெற்றோல் இல்லை என்றானபோது, தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் இறங்கின. புதுச் சைக்கிளின் விலை ஆகாயத்துக்கு ஏறியது. டொக்டர், அதிபர், மௌலவி எல்லாரும் கல்முனைச் சந்தியில் சைக்கிளில் நின்றார்கள், கோட்டுக்கு உள்ளே. பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தது. சைக்கிள் திரும்பத் தாழ்வாரத்துக்குப் போனது, மீன்கார நானா திரும்ப மண்ணுக்குள் போனார். அந்தக் கிழமைகளில் யாராவது ஒரு வாளி பெயின்ற்றோடு வந்து கோட்டை ஒரு பாகம் உள்ளே தள்ளிக் கீறியிருந்தால் ஆர் கேட்டிருப்பார்?

ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை. அக்கரைப்பற்று மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பகல் சாப்பாடு, மேலே எருமைத்தயிர். தம்பிலுவில், திருக்கோவில் தாண்டி ஊர்கள் ஐதானதும் கச்சான் காற்றுப் பிடித்தது. வலது கன்னத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி. வலப்பக்கக் காற்றுக்கு, ஒருவருக்கு இடப்பக்கம் சற்றுப் பின்னே மற்றவர் ஒதுங்கிக் கோணலாக விரிய வேண்டும். இங்கே மூன்று பேர் விரிந்ததும் நாலாமவருக்கு மண். கடைசி ஆள் நான். கோமாரி வரைக்கும் ஒரு சக்கரம் தாரில், ஒரு சக்கரம் மண்ணில். பொத்துவிலில் நாலரைக்கு இறங்கியபோது, கடலில் குளிக்க உல்லைக்குப் போனவர்களோடு போகக் காலில் உயிர் இல்லை.

மறுநாள் சைக்கிளை பஸ்ஸில் போட்டு அக்கரைப்பற்றில் இறங்கி, கல்முனைக்குத் தனியே ஓடினேன். சாரன், சேட், ஹெல்மெட் இல்லை. அட்டாளைச்சேனை வருமுன் இரண்டு தரம் மண்ணுக்குள் இறக்கினார்கள். நிந்தவூரில் மூன்றாம் தரம். பஸ்ஸின் ஹோனுக்குப் பதறி ஒதுங்கியதில் கல்லைத் தாண்டிப் படங்கின்மேலேயே ஏறிவிட்டேன். நெல் கிளறிக்கொண்டிருந்த ஒருவர் காலை உயர்த்தி வழிவிட்டார். “ஏசமாட்டன் மனே, போங்க. பஸ்ஸுக்கு ஏசி என்னத்துக்கு?”

வீட்டில் சைக்கிளைக் கழுவும்போது மட்காட்டுக்குள்ளிருந்து ஒரு பிடி நெல் விழுந்தது. வாப்பா அதைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டார்.