பேட்டரியை மாற்றுமுன் ஒரு விசாரணை

கரண்ட் போன பத்தாவது நிமிடமே யு.பி.எஸ். கீச்கீச்சென்று கத்தி அணைந்துபோனால், அடுத்து என்ன நடக்கும் என்பது பல வீடுகளுக்குத் தெரிந்ததுதான். மெக்கானிக் வருவார், மூடியைத் தட்டிப் பார்ப்பார், மல்டிமீட்டரை இரண்டு முனையிலும் ஒரு நொடி வைப்பார், “பேட்டரி போச்சு சார், மாத்திருங்க” என்பார். 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி ஒன்றின் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் விசாரிக்காமல் சொல்லப்படுகிறது என்பதுதான் குறை. பேட்டரி செத்துவிட்டதா என்று பார்ப்பதோடு, அதைக் கொன்றது எது என்றும் பார்க்க வேண்டும். அது தெரியாமல் புதிதாக வாங்கி வைத்தால், புதியதும் பழையது போன வழியிலேயே போகும்.

முதலில், அந்த ஒரு நொடி மீட்டர் சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்று பார்ப்போம். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி என்பது வரிசையாக இணைத்த ஆறு செல்கள். முழுதாக சார்ஜ் ஆன செல் ஏறக்குறைய 2.1 வோல்ட் காட்டும். ஆறும் சேர்ந்தால் 12.6. சுமை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கும்போது, பாதி ஆயுள் கரைந்த பேட்டரியும் இதே 12.6-ஐக் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நிற்கும். தகடுகளில் லெட் சல்பேட் கெட்டியாகப் படிந்து, வேலை செய்யும் பரப்பு குறைந்திருப்பதை இந்த எண் காட்டிக்கொடுக்காது. மெயின் சப்ளையை நிறுத்தி, வழக்கமாக ஓடும் ஃபேன், லைட்டுகளை ஓடவிட்டு அளந்தால்தான் உண்மை வெளியே வரும். நல்ல பேட்டரி 12.3 அல்லது 12.4-க்கு இறங்கி அங்கேயே மெதுவாகத் தேயும். நொந்துபோனது சில நிமிடங்களில் 11-க்கு வழுக்கிவிடும். சும்மா இருக்கும்போதே 10.5 காட்டினால் அதற்கும் ஒரு பொருள் உண்டு: 12.6-இல் 2.1 போய்விட்டது, அதாவது ஒரு செல் ஷார்ட்.

சுமையோடு அளக்கும்போது மீட்டர் முனையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். 400 வாட் சுமைக்கு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 40 ஆம்பியர் ஓடுகிறது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் தூளையோ, ஒரு சுற்று தளர்ந்த நட்டையோ பலர் பொருட்படுத்துவதில்லை. அந்த இடத்தில் வெறும் 0.05 ஓம் தடை இருந்தால் போதும். 40 ஆம்பியருக்கு அங்கேயே 2 வோல்ட் தொலைந்துவிடும். 80 வாட் வெப்பம் அந்தச் சின்ன இடத்தில் எரியும். பேட்டரியில் 12.4 இருக்கும், யு.பி.எஸ்.ஸுக்குப் போய்ச் சேர்வதோ 10.4. பல யு.பி.எஸ்.கள் 10.5 வோல்ட்டை ஒட்டித் தம்மை அணைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. ஆக, பேட்டரி நன்றாக இருக்கும்போதே ‘லோ பேட்டரி’ விளக்கு எரிகிறது! இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பேட்டரியின் ஈய முனை மேலேயே ஒருமுறை, யு.பி.எஸ். உள்ளே வயர் நுழையும் இடத்தில் ஒருமுறை அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குற்றவாளி யார் என்று சொல்லிவிடும். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் துடைத்து, உலர்த்தி, நட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுவதற்கு ஆகும் செலவு இருபது ரூபாய்கூட இருக்காது. துடைக்கும்போது சோடா நீர் மூடி வழியாகச் செல்லுக்குள் இறங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணைப்பு சரி, பேட்டரிதான் இறங்குகிறது என்று தெரிந்தால் அடுத்தது ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை உள்ள இந்த எளிய கருவி ஒவ்வொரு செல்லிலும் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும். முழு சார்ஜில் இருக்கும் டியூபுலர் பேட்டரியில் 1240 என்ற குறியை ஒட்டி நிற்க வேண்டும். ஆறு செல்களும் ஒன்றுபோல 1180-இல் நின்றால் பேட்டரியைப் பழிக்க வேண்டாம். அதற்குச் சாப்பாடு போதவில்லை, சார்ஜரைப் பாருங்கள். ஐந்து செல் 1240, ஒன்று மட்டும் 1150 என்றால் அந்த ஒரு செல்லால் பேட்டரியே முடிந்தது. ஒரு எச்சரிக்கை: தண்ணீர் ஊற்றிய கையோடு இந்த அளவை எடுக்கக் கூடாது. புதுத் தண்ணீர் மேலேயே நிற்கும். சில மணி நேரம் சார்ஜ் ஏறிக் கலந்த பிறகே அந்த எண்ணை நம்பலாம்.

சார்ஜர் மேல் சந்தேகம் வந்தால் மெயின் சப்ளை இருக்கும்போது பேட்டரி முனையில் அளக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போய், நிறைந்த பிறகு 13.5-க்கும் 13.8-க்கும் இடையில் வந்து நிற்பது சரியான நடத்தை. நாள் முழுக்க 12.6-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜே ஏறவில்லை. நிறைந்த பிறகும் நாள்கணக்கில் 14.5-க்கு மேலேயே நின்றால் பேட்டரி கொதித்துக்கொண்டிருக்கிறது. அப்போது உள்ளே தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகும். மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரியும். காற்றுப் பட்ட பகுதி கெட்டுவிடும். “மாசாமாசம் தண்ணி ஊத்துறோம், ஆனா நிக்கவே மாட்டேங்குது” என்று சொல்லும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது சார்ஜரைத்தான். அதை விட்டுவிட்டுப் பேட்டரியை மட்டும் மாற்றுவது, ஓட்டைக் குடத்தை வைத்துக்கொண்டு கிணற்றை ஆழப்படுத்துவது போலத்தான். ஊற்றுவதும் டிஸ்டில்டு வாட்டராகவே இருக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைந்திருக்குமே தவிர இல்லாமல் போவதில்லை, ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் உலோகத் துணுக்கும் கலந்திருக்கும். ஆசிட்டை எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது.

வெப்பம் இன்னொரு கொலையாளி. 25 டிகிரியைத் தாண்டி ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையின் பொதுக் கணக்கு. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் கதவு சாத்திய பெட்டிக்குள் வைத்த பேட்டரி என்ன பாடுபடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கணினி யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 7 ஏ.ஹெச். மூடிய பேட்டரிகள் வெப்பத்தில் வற்றி, வயிறு உப்பிவிடும். உப்பியதற்கு மட்டும் விசாரணை தேவையில்லை. உடனே கழற்றிவிட வேண்டும்.

சில நேரம் குற்றம் நம்முடையதாகவும் இருக்கும். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 ஏ.ஹெச். என்பது பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கு: 7.5 ஆம்பியர் வீதம், அதாவது 90 வாட் சுமைக்கு 20 மணி நேரம். வேகமாக இழுத்தால் மொத்தக் கொள்ளளவே சுருங்கும். ஜெர்மானியரான பாய்க்கர்ட் 1897-லேயே இதைச் சூத்திரமாக்கிவிட்டார். வாங்கியபோது இரண்டு ஃபேன் ஓடிய லைனில் இன்று டி.வி.யும் ஃபிரிட்ஜும் சேர்ந்திருந்தால், பேக்கப் குறைந்ததற்குப் பேட்டரி பொறுப்பாகாது.

“நாலு வருஷம் ஓடிருச்சு, இனி எதுக்கு இத்தனை சோதனை?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான்கைந்து ஆண்டு உழைத்த பேட்டரிக்கு ஆறு அளவு எடுத்து அழ வேண்டியதில்லை. ஆனால் சார்ஜர் சோதனையும் வயர் சோதனையும் வரப்போகும் பேட்டரிக்காகச் செய்வது. ஆபத்து பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது. ஹைட்ரஜன் காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். ஸ்பேனர் தவறி இரண்டு முனையிலும் விழுந்தால் சிவக்கப் பழுக்கும். எனவே பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். திறக்காமலே செய்யக்கூடியவை உண்டு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறிப்பது, தண்ணீர் மட்டம் காட்டும் மிதவையைப் பார்ப்பது. மற்றதை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கலாம். லித்தியத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பாரும் உண்டு. தண்ணீர்த் தொல்லை போகும் என்பது உண்மை. தளர்ந்த நட்டு அங்கேயும் சூடாகும், பழைய யு.பி.எஸ்.ஸின் சார்ஜ் அமைப்பு அதற்குப் பொருந்துமா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீடித்தபோது, பேட்டரியின் பலவீனம் அன்றாடம் தெரிந்தது. இப்போது மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. வர்தா, கஜா போன்ற புயல் வந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோதுதான் குட்டு வெளிப்படுகிறது. வற்றிய பேட்டரி அப்படியே கிடக்கும் அந்த நாள்களில்தான் சல்பேட்டும் இறுகுகிறது.

பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சுக்குத் தூக்கிக் கொடுப்பதற்கு முன், சுமையோடு எத்தனை வோல்ட், சார்ஜ் ஆகும்போது எத்தனை வோல்ட், செல்லுக்குச் செல் ஹைட்ரோமீட்டர் அளவு என்ன என்று மூன்றையும் கேளுங்கள். புதியதைப் பொருத்திய அன்றும் அதே எண்களை எடுத்து, தேதி போட்டு வாரண்டி கார்டின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்.