கட்டடத் தொழிலில் எதைக் கற்பது?

உண்பதற்கு உணவும், உடுப்பதற்கு உடையும், உறைவதற்கு வீடும் மாந்தர்க்கு இன்றியமையாதன. இம்மூன்றனுள் வீடு அமைக்கும் தொழில் நம் நாட்டில் மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனை வகுத்தோர் கோலின் நிழல்கொண்டு திசையறிந்து, கயிறிட்டு அளந்து, மனை வகுத்த செய்தியைக் கூறுகிறது. திருவில்லிபுத்தூரில் ஓங்கி நிற்கும் பதினொரு நிலைக் கோபுரம், நம் முன்னோரின் கட்டடத் திறனுக்கு நாள்தோறும் சான்று பகர்கின்றது. ஆயினும், தொழிலின் பழம்பெருமை ஒன்றையே கண்டு ஒருவன் அதில் இறங்கிவிடலாகாது. அதில் பொருள் வரும் வழியையும், அவ்வழி அடைபடும் காலத்தையும் அறிந்த பின்னரே இறங்குதல் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அமைந்தது வத்திராயிருப்பு. பிளவக்கல் அணை நீரால் நெல் விளையும் ஊர் அது. 2015ஆம் ஆண்டுக் கோடையில், அவ்வூர் உழவர் ஒருவர் பத்தாம் வகுப்பில் தேறிய தம் மகனுடன் என் இல்லத்திற்கு வந்தார். “ஐயா, சென்னையில் எங்கு நோக்கினும் மாடிக் கட்டடங்கள் எழுகின்றனவாம். இவனைக் கட்டடப் பொறியாளன் ஆக்க விரும்புகிறேன். கையில் பணம் இல்லை. அரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அதை விற்றுவிடலாமா?” என்று வினவினார். மகன் ஒன்றும் பேசாது நின்றான். இலக்கணம் கற்பித்த எனக்குக் கட்டட நூல் தெரியாது. ஆதலின், ஒரு வாரம் தவணை பெற்று, அத்தொழில் அறிந்தோரிடம் கேட்டுத் தெளிந்தேன். அன்று அவர்க்குக் கூறியவற்றையும், பின்னர் நிகழ்ந்தவற்றால் உறுதிப்பட்டவற்றையும் இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

சென்னை வளர்ந்துவரும் நகரம் என்பதில் ஐயமில்லை. 2011ஆம் ஆண்டில் அம்மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அவ்வாண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி, நகரிலும் அதனை ஒட்டிய பகுதிகளிலும் 86 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இத்துணைப் பேர்க்கும் உறைவிடம் வேண்டும். எனின், கட்டடத் தொழிலுக்கு என்றும் குறைவில்லை எனக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. வீடு வேண்டும் என்பது வேறு. அதனை வாங்கும் ஆற்றல் உண்டு என்பது வேறு.

வீடு வாங்குவோருள் பலர் வங்கிக் கடனை நம்பியே வாங்குகின்றனர். 20 இலட்சம் ரூபாயைக் கடனாகப் பெற்று 20 ஆண்டுகளில் தீர்ப்பதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்கு 7 எனின், மாதந்தோறும் ஏறத்தாழ 15,500 ரூபாய் செலுத்துதல் வேண்டும். வட்டி 9 ஆயின் அத்தொகை ஏறத்தாழ 18,000 ரூபாய் ஆகிவிடும். இவ்வேறுபாடு நடுத்தரக் குடும்பத்தைத் தயங்கச் செய்யும். அடுக்குமாடி கட்டுவோர், வாங்குவோர் தவணை தவணையாகச் செலுத்தும் பணத்தைக் கொண்டே தளத்தின்மேல் தளம் எழுப்புவது வழக்கம். வாங்குவோர் தயங்கின், கட்டுவோர் கை முடங்கும். அப்பொழுது முதலில் நிற்பது சித்தாளின் நாட்கூலி. அடுத்து நிற்பது கொத்தனாரின் கூலி. அதன்பின் மேற்பார்வையாளரின் சம்பளம்.

இத்தகைய முடக்கம் பலமுறை நேர்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வீட்டுக் கடன்கள் மூழ்கியதால் எழுந்த நெருக்கடி உலகெங்கும் பரவியது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபொழுது, ரொக்கமாகக் கூலி பெற்றுவந்த கட்டடத் தொழிலாளர் பெரிதும் இடர்ப்பட்டனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்தது. வேலையிழந்த தொழிலாளர் பலர் நகரங்களை விட்டுத் தம் ஊர்களுக்கு நடந்தே திரும்பினர். பின்னர், 4 விழுக்காடாக இருந்த தன் அடிப்படை வட்டி வீதத்தை ரிசர்வ் வங்கி 2022 மே முதல் படிப்படியாக உயர்த்தி, 2023 பிப்ரவரியில் 6.5 விழுக்காடாக்கியது. இவை யாவும் கொத்தனார் செய்த பிழையால் வந்தவையல்ல. ஆயினும் துன்பம் அவர் வீட்டு அடுப்படியையே முதலில் சென்றடைந்தது.

ஆதலின், தொழில் தேர்வோன் நல்ல காலத்து வருவாயை மட்டும் நோக்காது, மெலிந்த காலத்தில் எது நிற்கும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரம் இதற்கெனவே அமைந்துள்ளது. கழிவது எவ்வளவு, வருவது எவ்வளவு, முடிவில் நிலைப்பது எவ்வளவு என மூன்று வகையாக எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, கழிவது. பொறியியற் பட்டம் பெற, பத்தாம் வகுப்பிற்குப் பின் ஆறு ஆண்டுகள் வேண்டும். கட்டடக்கலைப் பட்டத்திற்கு ஏழு ஆண்டுகள். பாலிடெக்னிக் என வழங்கும் பல்தொழிற் பயிலகத்தில் மூன்று ஆண்டுகளில் பட்டயம் பெறலாம். பட்டயம் பெற்றவன் விரும்பின், பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் குழாய்ப் பணியை ஓராண்டிலும், மின்பணியையும் கட்டட வரைபடப் பணியையும் இரண்டு ஆண்டுகளிலும் கற்கலாம். படிப்படியாக ஏறுவோன், இடையில் நிற்க நேரினும் கையில் ஒரு தொழிலுடன் நிற்பான். ஒரே பாய்ச்சலில் உச்சியை எட்ட முயல்வோன், இடையில் வீழின் கடனுடன் வீழ்வான்.

இரண்டாவது, வருவது. இது காலத்துக்குக் காலம் மாறுவது. எனவே, இதனை ஓர் உறுதியாகக் கொள்ளாதிருத்தலே அறிவுடைமை.

மூன்றாவது, நிலைப்பது. புதுவீடுகளின் விற்பனை குன்றிய காலத்தும் சில பணிகள் குன்றுவதில்லை. கடற்காற்றில் உள்ள உப்பு, காங்கிரீட்டின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பினும் மிக்க இடம் கொள்வது. ஆதலின் அது பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். சென்னைபோலும் கடற்கரை நகரில் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பணி என்றும் உண்டு. ஒழுகும் மாடியும், அடைபட்ட குழாயும், பழுதுற்ற மின்கம்பியும் வீட்டு விலை ஏறும்வரை காத்திரா. பாலம், சாலை, குடிநீர், மெட்ரோ இரயில் முதலிய பொதுப்பணிகளும் வீட்டுச் சந்தையை மட்டும் நம்பி நடப்பன அல்ல. செப்பனிடும் கையும், அளந்தறியும் கண்ணும் உடையவனுக்கு ஒரு வாயில் அடைப்பின் மற்றொரு வாயில் திறக்கும்.

வருவாயினும் பெரிது ஒன்றுண்டு, அது பொறுப்பு. 2014 ஜூன் 28ஆம் நாள், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் எழுந்துகொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்து 61 பேர் உயிரிழந்தனர். அங்குப் பணி செய்ய வந்த ஏழைத் தொழிலாளரே அவருள் மிகுதி. இலக்கணப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திவிடலாம். கடைக்காலில் நேர்ந்த பிழையைத் திருத்துவது எங்ஙனம்? தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் பொய் கூறா. அவற்றைப் பிடிப்பவனும் பொய் கூறாதவனாய் இருத்தல் வேண்டும்.

இத்தொழிலில் சேர்வோர் தமக்குரிய பாதுகாப்பையும் அறிந்திருத்தல் நன்று. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. 18 வயது நிரம்பிய தொழிலாளர் இதில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து உதவி, மக்களின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் முதலியன இதன்வழிக் கிடைக்கின்றன. பதிவு செய்யாமையால் இவற்றை இழப்பது பேதைமையன்றோ?

இனி அவ்வுழவரிடம் மீள்வோம். ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தனர். “நிலத்தை விற்க வேண்டா; தம்பி முதலில் பட்டயப் படிப்பில் சேரட்டும்” என்றேன். பின்பு அவனை நோக்கி, “தம்பி, உன் விருப்பம் யாது?” என வினவினேன். “விடுமுறையில் எங்கள் தெருக் கொத்தனார் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், ஐயா. சுவரில் ஈரம் ஏன் ஏறுகிறது என்று அறிய ஆசை” என்றான். அவ்விடை எனக்குப் போதுமானதாயிற்று.

அவன் பட்டயம் பெற்று, 2018இல் பொதிகை விரைவு வண்டி ஏறிச் சென்னை சென்றான். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பணியில் மேற்பார்வையாளன் ஆனான். 2020 ஊரடங்கில் அப்பணியும் நின்றது. ஊர் திரும்பி ஆறு திங்கள் இருந்தான். அந்நாளில் அக்குடும்பத்திற்குச் சோறளித்தது விற்கப்படாத அந்த அரை ஏக்கர் நஞ்சையே. வேலை மீண்டும் தொடங்கியதும் அவன் சென்னைக்குச் சென்றான்.

மாணவர்களே! நாளை நீங்களும் ஒரு தொழிலைத் தேர்வீர்கள். கட்டடத்தின் உயரத்தைக் கண்டு மயங்காது, அது எத்தகைய கடைக்காலின்மேல் நிற்கின்றது என வினவுங்கள். வாழ்வுக்கும் அவ்வினா பொருந்தும்.