திடலுக்கு வெளியே ஒரு துணை

பள்ளி விளையாட்டுப் பயிற்றுவிப்பாளர் என்றதும், கழுத்தில் விசிலுடன் திடலோரம் நிற்கும் ஒருவர்தாம் நம் நினைவுக்கு வருவார். ஆனால், அவருடைய வேலையில் பெரும்பகுதி விசில் ஊதுவதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. இன்று யார் வரவில்லை, யாருக்கு ஆஸ்துமா இருக்கிறது, சனிக்கிழமைப் போட்டிக்கு எல்லாப் பெற்றோரும் அனுமதி தந்துவிட்டார்களா, பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்றெல்லாம் அவரும் இணைப்பாட நடவடிக்கைப் பொறுப்பாசிரியரும் வாரந்தோறும் சரிபார்க்க வேண்டும். நாற்பது மாணவர்கள் கொண்ட காற்பந்துக் குழுவில் இது சிறிய வேலையன்று.

இவற்றுள் சிலவற்றைத் தொழில்நுட்பம் ஏற்கெனவே எளிதாக்கிவிட்டது. சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு அறிமுகமான 'பேரன்ட்ஸ் கேட்வே' செயலியின் வழியாகப் பெற்றோர் தங்கள் அனுமதியைத் திறன்பேசியிலேயே தெரிவிக்கலாம். புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் படிவத்தைப் போட்டி நாள் காலையில் தேட வேண்டியதில்லை. வருகைப் பதிவும் அவ்வாறே. இவை நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. எனினும், மாணவரின் உடல்நலம் சார்ந்த முடிவுகளில்தான் தொழில்நுட்பத்தின் உதவி மேலும் தேவைப்படுகிறது.

வெயிலை எடுத்துக்கொள்வோம். வானிலைச் செயலி 32 பாகை செல்சியஸ் என்று காட்டினால், ஓடுவதற்கு ஏற்ற வெப்பம்தான் என்று நாம் நினைக்கக்கூடும். ஆனால், நம் நாட்டில் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆகவே உடலும் எளிதில் குளிர்வடையாது. இதனால்தான் வெப்ப அழுத்தத்தை அளக்கும்போது காற்றின் வெப்பநிலையோடு ஈரப்பதம், வெயிலின் கடுமை, காற்றோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, கறுப்புக் கோளத்தினுள் வைத்த வெப்பமானி, சாதாரண வெப்பமானி ஆகிய மூன்றின் அளவுகளும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் ஈரத்துணி வெப்பமானிக்கு மட்டும் 70 விழுக்காட்டு மதிப்பு தரப்படுகிறது. ஈரப்பதம் எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே புரியும்.

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய வெப்ப அழுத்த ஆலோசனை முறையில், இந்த அளவு 31 பாகைக்குக் குறைவாக இருந்தால் 'குறைவு' என்றும், 31 முதல் 33 பாகைக்குள் இருந்தால் 'மிதம்' என்றும், 33 பாகையை எட்டினால் 'அதிகம்' என்றும் குறிக்கப்படுகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் 'மைஇஎன்வி' செயலியில் இதைப் பார்க்கலாம். நண்பர்கள் முன்னிலையில் "என்னால் முடியவில்லை" என்று முதலில் சொல்ல எந்த மாணவரும் விரும்புவதில்லை. திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பயிற்றுவிப்பாளரே பயிற்சியை உள்ளரங்கிற்கு மாற்றிவிட்டால், யாரும் தம் இயலாமையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, பயிற்சியின் சுமை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க விளையாட்டு அறிவியலாளர் எளிய முறையொன்றைப் பரவலாக்கினார். பயிற்சி முடிந்து ஏறக்குறைய அரை மணி நேரத்திற்குப் பின், "இன்றைய பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது?" என்று கேட்க வேண்டும். மாணவர் 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்வார். அதைப் பயிற்சி நீடித்த நிமிடங்களால் பெருக்கினால் கிடைப்பதே அன்றைய சுமை. 90 நிமிடப் பயிற்சிக்கு ஒருவர் 4 என்றால் சுமை 360. மறுநாள் 60 நிமிடப் பயிற்சிக்கு 8 என்றால் 480. குறைந்த நேரப் பயிற்சியே உடலுக்கு அதிகச் சுமையாக இருந்திருக்கிறது!

இக்கணக்கின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மாணவி செவ்வாயும் வியாழனும் பள்ளியில் பூப்பந்து பயில்கிறார். சனி, ஞாயிறுகளில் வெளியே ஒரு மன்றத்தில் ஆடுகிறார். இடையில் உடற்கல்விப் பாடத்தில் 2.4 கிலோமீட்டர் ஓடுகிறார். மூன்று பெரியவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். மூவரும் தத்தம் பங்கை மட்டுமே அறிவார்கள். வேகமாக வளரும் வயதில் ஓட்டமும் தாவலும் மிகுந்தால், முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே வலி தோன்றக்கூடும். மாணவியே தம் திறன்பேசியில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ஓர் எண்ணைப் பதிவு செய்தால், வாரக் கூட்டுத்தொகை திடீரென உயர்வதைப் பொறுப்பாசிரியர் விரிதாளில் கண்டுகொள்ளலாம். எவ்வளவு உயர்ந்தால் ஆபத்து என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால், அந்த மாணவியை அழைத்துப் பேச அந்த உயர்வே போதுமான காரணம்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் எவையும் தேவையில்லை. தொழில்முறைக் காற்பந்து வீரர்கள் அணியும் ஜிபிஎஸ் மேற்சட்டைகள் கவர்ச்சியானவைதாம். பள்ளிக் குழுவுக்கு ஓர் இலவச இணையப் படிவமே போதும்.

இருப்பினும், மாணவர் தரும் எண் உண்மையாக இருக்க வேண்டுமே! தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும்போது, அணியிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று அஞ்சி 8 என்பதை 4 என்று எழுதுபவரும் இருக்கலாம். ஆகவே, அணித் தேர்வுக்கு இந்த எண்களைப் பயன்படுத்தப்போவதில்லை என்று பயிற்றுவிப்பாளர் முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒருவரின் எண்ணை மற்ற மாணவர்கள் பார்க்க முடியாதவாறு விரிதாளைப் பூட்டி வைப்பதும், அவர் பள்ளியை விட்டுச் சென்றபின் மருத்துவக் குறிப்புகளோடு அதையும் அழித்துவிடுவதும் பொறுப்பாசிரியரின் வேலைப் பட்டியலில் சேர வேண்டியவை.