ஓசி சிப்பாய்க்கு ஆசைப்பட்டால் யானை அம்பேல்!

காட்டுப்பாக்கம்,-

2024-ல் உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் பள்ளியில். காட்டுப்பாக்கத்துக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். "நம்ம பையனும் ஜெயிக்கட்டும்" என்று பலகை வாங்கித் தரும் பெற்றோர், முதலில் சொல்லித் தர வேண்டியது ஒரு மோசடியைப் பற்றி!

தூண்டில் புழு

அதன் பெயர் 'குயின்ஸ் கேம்பிட்'. கேம்பிட் என்றால் ஆரம்பத்திலேயே ஒரு காயைக் காவு கொடுக்கிற மாதிரி நீட்டுவது.

வெள்ளை டி4. கருப்பு டி5. உடனே வெள்ளை சி4 என்று இன்னொரு சிப்பாயை நீட்டுகிறது. கருப்பு அதை லபக்கென்று வெட்டலாம். வெட்டுவது குற்றமில்லை. வெட்டிய சிப்பாயை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால்தான் வினை!

வெள்ளை இ3 ஆடுகிறது. கருப்பு, சி4 சிப்பாய்க்குக் காவலாக பி5 வைக்கிறது. வெள்ளை ஏ4 என்று இடிக்கிறது. கருப்பு சி6 என்று முட்டுக் கொடுக்கிறது. பி5-ல் ஒரு வெட்டு, பதில் வெட்டு. அடுத்து வெள்ளை ராணி எப்3-க்கு வருகிறாள்... முடிந்தது கதை!

காவல் நின்ற சிப்பாய்கள் எல்லாம் இடத்தை விட்டுக் கிளம்பிப் போனதால், மூலையில் நிற்கும் ஏ8 யானை வரை பாதை திறந்து கிடக்கிறது. குதிரையையோ மந்திரியையோ குறுக்கே தள்ளினால் யானை பிழைக்கும். தள்ளிய காய் போச்சு!

சிங்கப்பூரில் நடந்தது என்ன?

2024 நவம்பர் 27. உலக சாம்பியன் போட்டியின் 3-வது ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்றிருந்த குகேஷ் இதே வகை ஆட்டத்தைத்தான் கையில் எடுத்தார். சீனாவின் டிங் லிரென் விவரமான ஆள். தூண்டிலைக் கடிக்கவில்லை, இ6 சிப்பாயால் டி5-க்குக் காவல் போட்டார். குகேஷ் டி5-ல் சிப்பாய்க்குச் சிப்பாய் மாற்றிக் கொண்டார்.

பிறகு ராணிகள் வெட்டுப்பட்டதில் குகேசுக்கு பி வரிசையில் ஒன்றின் பின் ஒன்றாக இரட்டைச் சிப்பாய். இது பலவீனம் என்பார்கள். அந்த பி3 சிப்பாய் மேல் கண் வைத்து டிங்கின் மந்திரி சி2 வரை நுழைந்தது. உள்ளே போன மந்திரிக்குத் திரும்ப வழியில்லை! 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம் என்பது விதி. 37-வது நகர்த்தலிலேயே டிங்கின் நேரம் தீர்ந்தது. குகேசுக்கு முதல் வெற்றி. டிசம்பர் 12-ல் 7½-6½ என்று பட்டமும் கிடைத்தது.

பின்னால் வராது

மற்றக் காய்கள் தப்பாகப் போனால் திரும்பி வரலாம். சிப்பாய் மட்டும் ஒருபோதும் பின்னால் வராது. தள்ளினால் தள்ளியதுதான்!

அப்படியானால் சி4-ல் வெட்டக் கூடாதா? தாராளமாக வெட்டலாம். வெள்ளை மந்திரி வந்து அதை மீட்டுக்கொண்டு போகட்டும். அந்த நேரத்தில் குதிரை, மந்திரிகளை வெளியே எடுத்து, ராஜாவைப் பத்திரப்படுத்தி, சமயம் பார்த்து சி5 தள்ள வேண்டும்.

ஓசியில் வந்த சிப்பாயைத் திருப்பிக் கொடுத்தவன் வீட்டில்தான் யானை நிற்கும்!