பரி பேணும் முறை

வாதவூரடிகள் பாண்டியன் பொருட்டுக் குதிரை கொள்ளத் திருப்பெருந்துறை சென்ற வரலாறு சைவச் சிறுவர் யாவரும் அறிந்ததே. கடல் கடந்து வந்த பரிகளைப் பெரும்பொருள் கொடுத்துக் கொண்ட பாண்டி நாட்டார், பின்னர் அவற்றை எங்ஙனம் பேணினர் என்பதைப் பலர் அறியார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகள் அங்கு வாங்கப்பட்டன என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுதானும் எஞ்சவில்லை என்றும் எழுதினார். பேணுமுறை அறியாமையே காரணம் என்பது அவர் கருத்து. வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பாலும் ஊட்டி, நாற்பது நாள் கட்டிவைத்து, பயிற்றாமலே ஏறிச் செலுத்தினர் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப். எண்களில் மிகை இருக்கலாம், காரணம் பொருத்தமானதே.

எவ்வாறெனில், குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறிது. உண்டதை வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. ஆதலின் புல்லே அதற்குத் தலையாய உணவு. அதனையும் சிறிது சிறிதாகப் பலமுறை அளித்தல் வேண்டும். கொள்ளு முதலிய தானியங்கள் உழைப்பிற்கேற்ற அளவினவே. தீவனத்தைத் திடீரென மாற்றின் கொடிய வயிற்றுவலி உண்டாகும். நாளொன்றுக்கு இருபது லீற்றருக்குக் குறையாத நன்னீர் வேண்டும். கோடையில் இன்னும் மிகுதியாக வேண்டும். ஆறு முதல் எட்டுக் கிழமைக்கொருமுறை குளம்பைச் சீவிச் செப்பனிடல் வேண்டும். ஓடி வியர்த்த குதிரையை உடனே கட்டிவிடாது, மெல்ல நடத்தி ஆற்றுதல் நன்று.

இனிப் பயிற்சி. குதிரை அஞ்சி ஓடும் இயல்பினது. அதன் நேர் பின்புறம் அதன் கண்ணுக்குப் புலனாகாது. ஆதலால் குரல் கொடுத்தவாறு தோட்புறமாக அணுகுக. முதலிற் கையாற் தடவிப் பழக்குக, பின்னர்க் கயிற்றிற் பிடித்து நடத்துக, அதன்பின் சேணத்தை மட்டும் வைத்துப் பழக்குக, ஏறுதல் இறுதியிலேயே. கடிவாளக் குறிப்பை உணர்ந்து அது ஓரடி எடுத்து வைத்த அக்கணமே பிடி தளர வேண்டும். அத்தளர்வே அதற்குப் பரிசு. அதனாலேயே அது கற்கின்றது. சினத்தோடு குதிரையை அணுகலாகாது என்று கிரேக்க அறிஞர் செனபோன் கிறித்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டிலேயே விதித்தார். ஆசிரியத் தொழிலினர்க்கும் இவ்விதி ஏற்றதே. யானும் இளமையில் அதனை மறந்து பிரம்பெடுத்ததுண்டு; அன்று மாணவர் கற்றது அச்சம் ஒன்றே, இலக்கணம் அன்று.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் அல்ல. நெடுந்தீவிலே ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் குதிரைகள் வளர்க்கப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சித் தொடக்கத்தில் நோலன் என்னும் அதிகாரி அப்பணியை மேற்கொண்டார். லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அக்குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் தரவைகளில் தாமே மேய்ந்து திரிகின்றன. அத்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் கடும் வறட்சி நேர்ந்த காலங்களில் அவற்றுட் சில குடிநீரின்றி மாண்டன.

நாற்புறமும் நீரே வேலியாக அமைந்த தீவிலே நீரின்றி ஓருயிர் மடிவதை, நீர்வேலி என்னும் பெயர் தாங்கிய ஊரினராகிய நாம் வாளா கேட்டிருத்தல் தகுமோ? அன்று பாண்டி நாட்டிற் பொருளுக்குக் குறைவில்லை, அறிவிற்கே குறைவு. இன்று அறிவு உண்டு. வேனில் வருமுன் தொட்டிகளில் நீர் நிரப்பும் அக்கறையே இனி வேண்டற்பாலது.